பாலையின் மூத்த குடி

கிரியோசோட் புதர் வட அமெரிக்காவின் வெப்பப் பாலைவனங்களில் மிகப் பரவலாக வளரும் பசுமைமாறாச் செடி. தாவரவியலில் இதன் பெயர் லாரியா டிரைடென்டேட்டா. கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா மாநிலங்களில் விரிந்து கிடக்கும் மொஹாவி, சொனோரா பாலைவனங்களிலும், நியூ மெக்சிகோ, டெக்சாஸ் தொடங்கி மெக்சிகோவின் நடுப்பகுதிவரை நீளும் சிவாவா பாலைவனத்திலும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை இந்தச் செடி மட்டுமே நிற்கும் சமவெளிகள் ஏராளம். பொதுவாக ஆள் உயரம் வளரும். மழைநீர் வடிந்து சேரும் ஓடைக்கரைகளிலும் சாலையோரங்களிலும் 3 மீட்டர்வரை எழும்பும்.

தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இது அழகான செடியாகத் தோன்றாது. நடுத்தண்டு கிடையாது, வேர்த்தலையிலிருந்து மெல்லிய கிளைகள் பல திசைகளிலும் சாய்ந்து விரிகின்றன. சாம்பல் நிறக் கிளைகளின் கணுக்களில் கருவளையங்கள் தெரியும். முள் இல்லை. இலைகள் கிளை நுனிகளில் மட்டுமே அடர்ந்திருக்கும். அருகில் சென்றால்தான் செடியின் எழில் புலப்படும். அடியில் ஒட்டிய இரண்டு சிற்றிலைகள் சேர்ந்ததே ஓர் இலை. ஒவ்வொரு சிற்றிலையும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அவற்றின்மீது பிசின் படலம் பூசியிருப்பதால் வெயிலில் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். வசந்தத்தில், நல்ல மழை பெய்திருந்தால் மற்றப் பருவங்களிலும்கூட, ஐந்து இதழ்கொண்ட மஞ்சள் பூக்கள் செடி முழுவதும் மலரும். விரிந்த இதழ்கள் சில நாட்களில் அடிப்பகுதியில் திருகி, விளிம்பை வானுக்குக் காட்டி நிற்கும். பூ உதிர்ந்த இடத்தில் வெள்ளைப் பட்டுமயிர் போர்த்திய பயறளவுக் காய் திரளும். மஞ்சள் பூவும் வெள்ளைக் காயும் கரும்பச்சை இலையும் ஒரே கிளையில் சேர்ந்திருக்கும் சில வாரங்களில் பாலைச் சமவெளிக்கு வேறு அலங்காரம் தேவைப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் வளராத செடி என்றாலும் இதன் உறவினர் ஒருவர் நமக்கு நன்கு அறிமுகமானவர். தரையோடு படர்ந்து, காலில் குத்தும் நெருஞ்சியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஐந்து மஞ்சள் இதழ்கள், எதிரெதிர் இலைகள், முற்றியதும் ஐந்தாகப் பிளக்கும் காய் என இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை தாவரவியல் படிக்காதவருக்கும் தெரியும். நெருஞ்சி ஒரு மழைக்காலத்தில் முளைத்துக் காய்த்து மடிகிறது. அதன் உறவான கிரியோசோட் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்கிறது.

இன்று வட அமெரிக்கப் பாலைவனங்களின் அடையாளமாக நிற்கும் இந்தச் செடியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. லாரியா பேரினத்தில் உள்ள ஐந்து இனங்களில் நான்கு தென் அமெரிக்காவின் வறண்ட நிலங்களுக்கு உரியவை. அர்ஜென்டினாவில் அவற்றை ஹரீயா என்று அழைக்கிறார்கள். அவற்றுள் ஒன்றான லாரியா டிவாரிகேட்டா வட அமெரிக்கச் செடிக்கு மிக நெருங்கியது. இரண்டையும் ஒரே இனமாகக் கருதிய தாவரவியலாளர்களும் இருந்தார்கள். இடையில் வெப்பமண்டல மழைக்காடுகள் குறுக்கே கிடக்க, விதை வடக்கே எப்படி வந்தது? இரு கண்டங்களுக்கும் இடையே வலசை செல்லும் பறவைகள் கொண்டுவந்திருக்கலாம் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

வந்த இடத்தில் அது மாறத் தொடங்கியது. கிழக்கே சிவாவா பாலைவனத்தில் உள்ள செடிகளின் உயிரணுக்களில் 26 குரோமோசோம்கள் உள்ளன. சொனோராவில் 52. மேற்கே மொஹாவியில் 78. அதாவது மேற்கு நோக்கிப் பரவியபோது குரோமோசோம் தொகுதி முதலில் இருமடங்காகவும் பின்னர் மும்மடங்காகவும் பெருகியிருக்கிறது. வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை; ஆனால் மூன்று பாலைவனங்களின் மழைக்காலமும் குளிரும் வேறு வேறு. சிவாவாவில் கோடை மழை, மொஹாவியில் குளிர்கால மழை, சொனோராவில் இரண்டும். குரோமோசோம் பெருகினால் இலைத்துளைகளின் காப்பணுக்களும் அளவில் பெரிதாகின்றன. இந்தப் பண்பு ஆய்வாளர்களுக்குப் பெரிய உதவியாக அமைந்தது. பாலைவன எலிகள் பாறை இடுக்குகளில் சேர்த்துவைத்த குப்பை, அவற்றின் சிறுநீர் இறுகிக் கெட்டியாகி, பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கிறது. அந்தப் பொதிகளில் அகப்பட்ட பழைய கிரியோசோட் இலைகளை நுண்ணோக்கியில் வைத்துக் காப்பணுக்களை அளந்தால், எந்தக் காலத்தில் எந்த வகைச் செடி அந்த இடத்தில் வளர்ந்தது என்று சொல்லிவிட முடிகிறது. பனியுகத்தில் தெற்கே ஒதுங்கி வாழ்ந்த செடி, வெப்பம் கூடக்கூட வடக்கே முன்னேறிய வரலாறு அந்த எலிப் பொதிகளிலிருந்தே தெரியவந்தது.

கிரியோசோட் எதிர்கொள்ளும் வறட்சி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சான்று போதும். மொஹாவியில் இச்செடி நிறைந்த பகுதியில் இருந்த பாக்தாத் என்னும் ரயில் நிலையத்தில் 1912 அக்டோபர் முதல் 1914 நவம்பர் வரை, தொடர்ந்து 767 நாட்கள், அளக்கத்தக்க மழை ஒரு துளியும் பதிவாகவில்லை. 1913இல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான டெத் வேலி பள்ளத்தாக்கின் சரிவுகளிலும் இந்தச் செடி பச்சையாகவே நிற்கிறது. கள்ளியைப்போல் இது உடலில் நீரைச் சேமிப்பதில்லை. பாலைவனத்தின் பல மரங்களைப்போல் ஆழத்து நிலத்தடி நீரைத் தேடி வேர் இறக்குவதும் இல்லை. பாலை மண்ணில் சிறிது ஆழத்திலேயே சுண்ணாம்புப் படிவம் இறுகிக் கிடப்பதால் இதன் ஆணிவேர் பெரும்பாலும் ஒன்று ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடும். பக்கவேர்கள் மட்டும் பல மீட்டர் தூரம் பரவி, மேல்மண்ணில் இறங்கும் சிறு ஈரத்தையும் உறிஞ்சுகின்றன.

நீரும் சேமிக்காமல், ஆழமும் போகாமல் எப்படிப் பிழைக்கிறது? விடை அதன் இழுக்கும் வலிமையில் இருக்கிறது. மண் காயக் காய, எஞ்சிய நீர் மண்துகள்களில் இறுகப் பற்றிக்கொள்கிறது. அதைப் பிரித்தெடுக்கச் செடி அதிக விசையுடன் இழுக்க வேண்டும். வயலில் வளரும் பெரும்பாலான பயிர்கள் சுமார் 1.5 மெகாபாஸ்கல் இழுவிசைக்கு மேல் தாங்காமல் நிரந்தரமாக வாடிவிடும். கிரியோசோட் 5 மெகாபாஸ்கலுக்கு அப்பாலும் இலைத்துளைகளைச் சற்றே திறந்து உணவு தயாரிக்கிறது. அதையும் தாண்டிய வறட்சியில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்றச் செடிகளுக்கு வெறும் புழுதியாகிப் போன மண்ணிலும் இதற்கு நீர் இருக்கிறது.

இவ்வளவு விசையோடு இழுத்தால் வேறு ஆபத்து வரும். நீரைக் கடத்தும் நுண்குழாய்களுக்குள் காற்றுக்குமிழ் புகுந்து நீர்த்தொடர் அறுந்துவிடலாம். கிரியோசோட்டின் நுண்குழாய்கள் அத்தகைய அறுபடலை வெகுவாகத் தடுக்கும் அமைப்புடையவை. அதையும் மீறிய வறட்சி வந்தால் செடி கணக்குப் பார்த்துச் செலவைக் குறைக்கிறது. முதலில் முதிர்ந்த இலைகளை உதிர்க்கும். பிறகு முழுக் கிளைகளையே காயவிடும். கிளை நுனியில் இருக்கும் இளம் இலைகளும் மொட்டுகளும் பழுப்பேறி, கடைசிவரை உயிரோடு இருக்கும். மழை பெய்ததும் புது இலைக்காகக் காத்திருக்காமல் அவையே பச்சையாகி வேலையைத் தொடங்கிவிடும். 2002ஆம் ஆண்டையொட்டிய கடும் வறட்சியில் மொஹாவி, சொனோரா பாலைவனங்களில் பர்ரோபுஷ் என்னும் சிறுபுதர்கள் பெருமளவில் மடிந்தன. பக்கத்திலேயே நின்ற கிரியோசோட் புதர்களில் கிளைகள் காய்ந்தன. செடிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன.

வெப்பத்தைச் சமாளிப்பதில் இலையின் சிறிய அளவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அகன்ற இலை வெயிலில் சுற்றுக்காற்றைவிட மிகுதியாகச் சூடேறும்; அதைக் குளிர்விக்க நீரைச் செலவிட்டாக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் இலை, வீசும் காற்றுக்கே தன் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. மற்றப் பாதி, பருவத்துக்கேற்ப இலையின் உள்வேதியியலே மாறுவதால் நடக்கிறது. டெத் வேலியில் 1970களில் நடந்த ஆய்வுகள், ஒளிச்சேர்க்கை மிகச் சிறப்பாக நடக்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் சுமார் 20 டிகிரியாகவும், கோடை முடிவில் சுமார் 32 டிகிரியாகவும் நகர்வதைக் காட்டின. ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் செடிக்கு இது பெரிய ஆதாயம். எந்த மாதத்தில் மழை வந்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ள இலை ஆயத்தமாக இருக்கிறது. சிவாவா பாலைவனத்தின் செடிகளில் இலைக்கொத்துகள் பெரும்பாலும் தென்கிழக்கு நோக்கியிருப்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. காற்றில் வெம்மையும் வறட்சியும் ஏறும் முன்பே, காலை வெயிலை முழுமையாக வாங்கி உணவு தயாரித்துக்கொள்ள அந்தச் சாய்வு உதவுகிறது.

ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பதில் ஒரு சிக்கல் உண்டு. வேறு தழை எதுவும் இல்லாத வெளியில் எல்லா வாய்களும் இதை நோக்கியே வரும். முள் இல்லாத கிரியோசோட்டுக்குப் பிசினே கவசம். இலையின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் பிசினாகவே இருக்கும். அதில் முதன்மையானது நார்டைஹைட்ரோகுவாயாரெட்டிக் அமிலம் என்னும் பொருள். அது தாவர உண்ணிகளின் செரிமானத்தைக் கெடுத்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கிறது. பிசின் படலம் நீரிழப்பையும் குறைக்கிறது. புறஊதாக் கதிர்களிலிருந்தும் இலையைக் காக்கிறது. செடி தன் விலையுயர்ந்த சரக்கை எங்கே வைக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. முதிர்ந்த இலைகளைவிட இளந்தளிர்களில்தான் இந்த அமிலம் செறிந்திருக்கிறது. கால்நடைகள் இந்தச் செடியைத் தொடுவதில்லை. கருவால் முயல் வேறு வழியே இல்லாதபோது மட்டும் கிளைகளைக் கடிக்கும்.

இந்தப் பிசினில் கலந்துள்ள எளிதில் ஆவியாகும் பொருட்களே மழை நேரத்தில் வெளிப்படுகின்றன. நம் ஊரில் முதல் மழைக்கு மண் மணக்கும். சொனோரா பாலைவனத்தில் வாழும் மக்களுக்கு மழையின் மணம் என்றால் கிரியோசோட்டின் மணம்தான். கற்பூரமும் தாரும் கலந்ததுபோன்ற அந்தக் காட்டமான வாசனை, ஈரக்காற்று வீசத் தொடங்கியதுமே சமவெளி எங்கும் பரவிவிடும். மெக்சிகோ மக்கள் இதற்கு நாற்றச்செடி என்னும் பொருள்பட ஒரு பெயரும், நிலத்தை ஆளுபவள் என்னும் பொருள்பட இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் ஒதுக்கும் உணவைத் தின்னப் பழகிய சில உயிர்களுக்கு அந்த நஞ்சே வாழ்வாகியிருக்கிறது. பூடெட்டிக்ஸ் என்னும் வெட்டுக்கிளி தன் வாழ்நாள் முழுவதும் கிரியோசோட் இலை தவிர வேறெதையும் தின்பதில்லை. பச்சை உடலில் முத்துவெள்ளைத் திட்டுகளோடு இலைநடுவே அமர்ந்தால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். இன்னொரு வெட்டுக்கிளியின் ஆண்கள் புதரைத் தங்கள் ஆட்சிப்பகுதியாகப் பிடித்துக்கொண்டு, சொடுக்கொலி எழுப்பிப் பெண்களை அழைக்கின்றன. எந்தப் புதரில் அமிலம் குறைவோ அந்தப் புதருக்குத்தான் அவற்றிடையே போட்டி மிகுதி. செடியில் கரணை என்னும் வீக்கத்தை உண்டாக்கும் நுண்ணீக்களின் கதை இன்னும் நுட்பமானது. ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த பதினைந்து இனங்கள் அளவில் இந்த ஒரு செடியிலேயே வாழ்கின்றன. ஒன்று இலையில் முட்டையிடும், ஒன்று தண்டில், ஒன்று பூமொட்டில். வடிவத்தாலும் பருவத்தாலும் அவை உண்டாக்கும் கரணைகள் வேறுபடும்.

பூக்களை நாடி 120க்கும் மேற்பட்ட காட்டுத்தேனீ இனங்கள் வருகின்றன. அவற்றில் 22 இனங்கள் கிரியோசோட் மகரந்தத்தை மட்டுமே நம்பியவை. மழை பொய்த்து, பூ மலராத ஆண்டுகளில் அந்தத் தேனீக்களில் பல மண்ணுக்குள் உறங்கியபடியே இருந்துவிட்டு, செடி பூக்கும் ஆண்டில் வெளிவருகின்றன. செடியின் பொறுமையை அதன் தேனீக்களும் கற்றிருக்கின்றன என்றே சொல்லலாம்.

பாலைவனக் காட்டெலி இந்தச் செடியைத் தின்னும் விதம் அண்மைக் காலத்தில்தான் தெளிவானது. மொஹாவியில் உள்ள எலிகள் கிரியோசோட் இலையைத் தாராளமாகத் தின்கின்றன. செடி பரவாத வடக்குப் பகுதியில் வாழும் அதே இன எலிகளால் அது முடிவதில்லை. காரணம் எலியின் உடலில் மட்டும் இல்லை, அதன் குடலில் வாழும் நுண்ணுயிரிகளிலும் இருக்கிறது. 2014இல் வெளியான ஆய்வொன்றில், பழகிய எலிகளின் குடல் நுண்ணுயிரிகளை மருந்தால் அழித்தபோது அவை கிரியோசோட் உணவில் எடை இழந்தன. பழகிய எலிகளின் கழிவிலிருந்த நுண்ணுயிரிகளைப் பழகாத எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றுக்கு அந்த நச்சுணவைத் தாங்கும் திறன் கூடியது.

புதரின் அடியில் உள்ள மண்ணும் சுற்றியுள்ள வெட்டவெளி மண்ணும் ஒன்றல்ல. காற்றில் வரும் நுண்மணலும் சருகும் கிளைகளுக்கிடையே தங்கி, புதரடியில் சிறு மேடு உருவாகிறது. அங்கே நைட்ரஜனும் மற்றச் சத்துகளும் கூடுதல், நிழலும் உண்டு. கங்காரு எலிகள் அங்கே வளை தோண்டுகின்றன. அருகிவரும் மொஹாவிப் பாலைவன ஆமை தன் வளையை அமைப்பதும் பெரும்பாலும் இந்தப் புதர்களின் அடியில்தான். மழை பெய்த ஆண்டில் முதலில் முளைக்கும் சிறு பூண்டுகளும் இந்த மேடுகளில்தான் தலைகாட்டும்.

வளர்ந்த செடி எவ்வளவு உறுதியானதோ, நாற்று அவ்வளவு நொய்மையானது. பட்டுமயிர்க் காய்கள் காற்றில் உருண்டு பரவுகின்றன. முளைக்க நல்ல மழை வேண்டும். முளைத்த பின் மேலும் சில மழைகள் வேண்டும். வெயிலும் முயலும் விட்டுவைக்க வேண்டும். இவையெல்லாம் ஒத்துவரும் ஆண்டுகள் மிக அரிது. வெட்டவெளியில் முளைத்தவை ஏறத்தாழ அனைத்தும் மடிகின்றன. பிழைப்பவற்றில் பல பர்ரோபுஷ் செடியின் நிழலில் முளைத்தவை. முன்னர் சொன்ன அதே சிறுபுதர்தான் இங்கே செவிலித்தாய். சில பத்தாண்டுகளில் கிரியோசோட் வளர்ந்து, செவிலியின் நீரையும் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது, பர்ரோபுஷ் மடிகிறது.

கிரியோசோட் புதர்கள் ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு நிற்பதைப் பார்த்து, யாரோ அளந்து நட்டார்களோ என்று ஐயுறுபவர்கள் உண்டு. இடையே எதையும் வளரவிடாமல் மண்ணில் நஞ்சு கலக்கிறது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டிகளில் வேர்களை வளர்த்துப் பார்த்த ஆய்வுகள் இதைச் சற்றுத் திருத்தின. கிரியோசோட்டின் வேர் அருகே வந்ததும் மற்றச் செடிகளின் வேர்கள் வளர்ச்சியைக் குறைத்தன. வேர்கள் தொட்டுக்கொள்ளாதபோதும் இது நடந்தது. வேரிலிருந்து மண்ணில் கசியும் ஏதோ ஒரு பொருள் அந்தத் தடையைச் செய்கிறது. கிடைப்பதே சிறிதளவு நீர் என்ற நிலையில், அதற்கான போட்டியும் இடைவெளிக்குக் காரணம்தான்.

இந்தச் செடியின் வாழ்வில் மிகப் பெரிய வியப்பு அதன் வயது. தொடக்கத்தில் வேர்த்தலை ஒன்றே. புதிய கிளைகள் எப்போதும் அதன் வெளிவிளிம்பிலிருந்தே எழுகின்றன. சில பத்தாண்டுகளில் நடுவில் உள்ள மூத்த கிளைகள் காய்ந்து மட்கிப்போக, வேர்த்தலை பிளந்து தனித்தனிப் பகுதிகளாகிறது. அந்தப் பகுதிகள் ஒவ்வொன்றும் தொடர்ந்து வெளிப்பக்கமாகவே வளர்வதால், காலப்போக்கில் நடுவே வெற்று மணலும் சுற்றிலும் புதர்களுமாக ஒரு வளையம் உருவாகிறது. பார்வைக்குப் பல செடிகள். உண்மையில் ஒரே விதையிலிருந்து வந்த ஒரே செடி.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பிராங்க் வாசெக், மொஹாவியின் வான்படங்களில் தெரிந்த இந்த வளையங்களை ஆராய்ந்து 1980இல் முடிவுகளை வெளியிட்டார். லூசெர்ன் வேலி என்னும் ஊருக்கு அருகே ஜான்சன் பள்ளத்தாக்கில் உள்ள மிகப் பெரிய வளையம் ‘கிங் குளோன்’ என்று பெயர் பெற்றது. நீள்வட்டமான அதன் நீண்ட விட்டம் 20 மீட்டருக்கு மேல். வளையம் வெளிநோக்கி நகரும் வேகம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மட்காமல் எஞ்சிய பழைய மரத்துண்டுகளின் கதிரியக்கக் கரிமக் கணிப்பும் இளம் செடிகளின் வளர்ச்சி அளவீடும் ஏறத்தாழ ஒரே வேகத்தைக் காட்டின. அந்த வேகத்தைக்கொண்டு கணித்தால் கிங் குளோனின் வயது 11,700 ஆண்டுகள். இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக வளர்ச்சி ஒரே சீராக இருந்தது என்ற அனுமானம் இதில் அடங்கியிருப்பதால், இந்த எண்ணை ஒரு மதிப்பீடாகவே கொள்ள வேண்டும். ஆனால் ஒரு தனிச்செடி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதே இடத்தில் வாழ்ந்திருக்கிறது என்பதில் ஐயம் இல்லை. எகிப்தியப் பிரமிடுகளைவிட மூத்த செடியாக அது இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

பாலைவனத்தின் பூர்வகுடி மக்கள் இந்தச் செடியின் அருமையை நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தார்கள். சொனோரா பாலைவனத்தின் தொஹோனோ ஓதாம் மக்களின் படைப்புக் கதைகளில் உலகில் முதலில் முளைத்த செடி இதுவே. இலைக் கஷாயத்தைச் சளிக்கும் வயிற்று உபாதைக்கும், இலைப்பற்றைக் காயத்துக்கும் வாதவலிக்கும் பயன்படுத்தினார்கள். கிளைகளில் ஒருவகை அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினைச் சேகரித்து, உடைந்த பானையை ஒட்டவும் கூடைகளுக்குப் பூசவும் அம்புமுனையைத் தண்டில் பதிக்கவும் கையாண்டார்கள். நம் நாட்டில் அரக்கு தரும் பூச்சியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

நவீன வேதியியல் இந்தச் செடியை வேறு விதமாக அணுகியது. பிசினின் முதன்மை அமிலம் கொழுப்பு சிக்குவாடை அடிப்பதைத் தடுக்கும் என்று தெரிந்ததும், 1940களில் அதைப் பிரித்தெடுத்து உணவுப்பொருட்களில் சேர்க்கத் தொடங்கினார்கள். விலங்குகளில் சிறுநீரகப் பாதிப்பு தெரியவந்த பின் 1960களின் இறுதியில் அமெரிக்காவில் அந்தப் பயன்பாடு கைவிடப்பட்டது. இலையைப் பொடித்து மாத்திரையாக விற்ற வணிகம் மட்டும் தொடர்ந்தது. அவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கடும் ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாகத் தகவல்கள் வந்ததையடுத்து, 1992இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொதுமக்களை எச்சரித்தது. பூர்வகுடிகள் தேவைப்படும்போது சிறிதளவு எடுத்த மருந்தைச் செறிவாக்கி நாள்தோறும் விழுங்கியதுதான் கேடாயிற்று.

சிவாவா பாலைவனத்தின் விளிம்பில் இதே செடிக்கு வேறு பெயர். அங்கே மேய்ச்சல்காரர்கள் இதைப் பகையாகவே பார்க்கிறார்கள். நியூ மெக்சிகோவின் ஹோர்னாடா சமவெளி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பாலும் புல்வெளியாக இருந்தது. மாட்டு மந்தைகள் பெருகிப் புல் அழிந்தது, வறட்சிகள் வந்தன, வெறுமையான இடங்களைக் கிரியோசோட் பிடித்துக்கொண்டது. 1912இல் அங்கே அமைந்த ஆய்வு நிலையம் இந்த மாற்றத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பதிவுசெய்துவருகிறது. புல்வெளியில் நிலமெங்கும் சீராக இருந்த நீரும் சத்தும், புதர் வந்ததும் புதரடிகளில் குவிந்துவிடுகின்றன. இடைப்பட்ட நிலம் அரிக்கப்படுகிறது. அதன்பின் மாடுகளை அகற்றினாலும் புல் எளிதில் திரும்புவதில்லை. இந்தக் கேட்டைத் தொடங்கிவைத்தது செடி அல்ல, மிகை மேய்ச்சலே.

கிரியோசோட்டின் வலிமைக்கு எல்லைகள் உண்டு. முதலாவது குளிர். வெப்பநிலை சுமார் மைனஸ் 16 டிகிரிக்குக் கீழே இறங்கினால், தண்டின் நுண்குழாய்களில் உறைந்த நீர் உருகும்போது காற்றுக்குமிழ்கள் புகுந்து குழாய்கள் அடைபடுகின்றன. செடியின் வடக்கு எல்லையைக் குளிரே வரையறுக்கிறது.

இரண்டாவது தீ. பழைய மொஹாவியில் புதர்களுக்கிடையே வெற்று மணல் கிடந்ததால், மின்னல் விழுந்தாலும் ஒரு புதரோடு தீ அணைந்துவிடும். மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து வந்து பரவிய செம்புரோம் புல் இப்போது அந்த இடைவெளியை நிரப்பிவிட்டது. மழை மிகுந்த குளிர்காலத்துக்குப் பின் புல் மண்டி, கோடையில் காய்ந்து திரியாகிறது. 2005இல் மொஹாவியில் பரவிய பெருந்தீக்கள் அப்படித்தான் பரவின. பிசின் நிறைந்த செடி நன்றாகவே எரியும். எரிந்த பின் வேர்த்தலையிலிருந்து துளிர்ப்பவை சிலவே.

மூன்றாவது, நிலத்தைக் கீறும் சக்கரம். 1942இல் ஜெனரல் பேட்டன் தலைமையில் மொஹாவி, சொனோரா பகுதியில் தொடங்கிய ராணுவப் பயிற்சி முகாம்களின் டாங்கித் தடங்கள் இன்றும் அங்கே தெரிகின்றன. மின்பாதைகளும் குழாய்ப்பாதைகளும் சென்ற இடங்களில் புதர்க்காடு எவ்வளவு மீண்டிருக்கிறது என்று 1970களில் ஆராய்ந்த வாசெக்கும் அவருடைய சகாக்களும், நீண்டகாலம் வாழும் செடிகள் மீண்டும் நிலைபெறப் பல தலைமுறைகள் ஆகும் என்று கண்டார்கள். வேர்த்தலையோடு பெயர்த்தெடுக்கப்பட்ட வளையம் திரும்புவதற்கு மனிதக் கணக்கில் காலமே இல்லை.

இன்று நெருக்கடி வேறு திசையிலிருந்தும் வருகிறது. வெயில் மிகுந்த, தட்டையான, ஆள் இல்லாத நிலம் சூரிய மின்நிலையங்களுக்கு ஏற்றது. 2014இல் இயங்கத் தொடங்கிய ஐவன்பா மின்நிலையம், கிரியோசோட் புதர்களும் ஆமைகளும் இருந்த சுமார் 1,400 ஹெக்டேர் மொஹாவி நிலத்தில் அமைந்தது. ஆமைகள் இடம்மாற்றப்பட்டன. பூமி சூடேறுவதைத் தடுக்கச் சூரிய மின்சாரம் தேவை என்பதில் மறுப்பில்லை. ஆனால் அதற்காக நிலம் தேடும்போது, ஏற்கெனவே உழுது கைவிடப்பட்ட வயல்களும் கட்டடக் கூரைகளும் இருக்க, ஆயிரம் ஆண்டுச் செடிகள் நிற்கும் சமவெளியைத் தரிசு என்று கோப்பில் எழுதுவது அறிவியலுக்குப் பொருந்தாது.

கிங் குளோனும் அதைச் சுற்றியுள்ள வளையங்களும் கலிபோர்னியா மாநில அரசின் காப்பிடமாக வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. அதே பள்ளத்தாக்கில்தான் மணலில் வண்டியோட்டும் விளையாட்டுக்கு ஒதுக்கப்பட்ட பெரும் நிலப்பரப்பும் இருக்கிறது. வேலிக்கு வெளியேயும் மொஹாவியின் பல இடங்களில் இத்தகைய வளையங்கள் உள்ளன. அவற்றுக்குப் பெயரும் இல்லை, காவலும் இல்லை.